ஆளைச் சொல்லுங்க, ஹாலைச் சொல்றேன் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கம்பெனி ஃபங்ஷனுக்கு இடம் பாக்குறது பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம், நிறைய வந்திருக்கு. முக்கால்வாசி கேள்வி "இந்த ஹால் நல்லா இருக்குமா"ன்னுதான் ஆரம்பிக்குது. யாரு வர்றாங்க, எப்படி வர்றாங்க, எத்தனை மணிக்கு வீடு திரும்பணும்ங்கிறது கடைசி வரியில கூட இல்ல. அது தெரியாம நான் எந்த ஹாலைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான், அதனால அதைக் கொஞ்சமாவது எழுதினவங்க கேள்வியை மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: சார், சோழிங்கநல்லூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில எச்.ஆர்.ஆ இருக்கேன். ஆனுவல் டேக்கு 400 பேர். எங்க எம்.டி. நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்லதான் வைக்கணும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குன்னு முடிவா சொல்லிட்டார். ஹோட்டல்ல கேட்டா 800 பேர் தாராளமா கொள்ளும்ங்கிறாங்க. புக் பண்ணிடலாமா? – பெயர் வேண்டாம், சென்னை

பதில்: எம்.டி. ஒரு பக்கம் இருக்கட்டும் மேடம், அந்த 400 பேரு எங்கெங்க குடியிருக்காங்கன்னு ஒரு எக்செல் போடுங்க முதல்ல, கேப் லிஸ்ட் உங்க கையிலதான இருக்கும். ஓஎம்ஆர், அதான் பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கம்பெனின்னா பெரும்பாலும் மேடவாக்கம், வேளச்சேரி, தாம்பரம், கேளம்பாக்கம்னு தெக்காலதான் இருப்பாங்க, கொஞ்சம் பேரு மட்டும் ஆவடி, அம்பத்தூர்னு தனியா கிடப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பஸ் எடுத்து, மெட்ரோ வேலையில பாதி ரோடு அடைச்சு வச்சிருக்கிற ஓஎம்ஆர்ல ஊர்ந்து, மத்திய கைலாஷ் தாண்டறதுக்குள்ளயே ஜனங்களுக்கு மூட் போயிடும். ஆறு மணின்னு போட்டா ஏழரைக்குத்தான் ஹால் ரொம்பும், அவார்டு குடுத்து, டான்ஸ் முடிஞ்சு, சாப்பாடு திறக்க ஒன்பதரை. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுங்க எல்லாம் மேடவாக்கமும் கேளம்பாக்கமும் போய்ச் சேரணும். மெட்ரோ ராத்திரி பதினொண்ணு வரைக்கும்தான். கேப் யாரு அரேஞ்ச் பண்றது, எத்தனை கேப், அதுக்கு பில் எவ்வளவுங்கிறதையும் ஹால் வாடகையோட சேத்துக் கூட்டி எம்.டி.கிட்ட காட்டுங்க. நிறைய எம்.டி.ங்க அந்த ரெண்டாவது நம்பரைப் பாத்த உடனே மனசு மாறிடுவாங்க.

கிண்டி, ஆலந்தூர் பெல்ட்டைப் பாருங்க. கிண்டியில மின்சார ரயிலும் இருக்கு மெட்ரோவும் இருக்கு, தாம்பரம் ஆளும் அம்பத்தூர் ஆளும் வர்றதுக்கு நியாயமான இடம், ஸ்டார் ஹோட்டலும் அங்க உண்டு, எம்.டி. கௌரவத்துக்கும் குறை வராது. வெள்ளிக்கிழமையை விட்டுட்டு சனிக்கிழமை மத்தியானம் வைங்கன்னு சொன்னா லீவு நாளைக் கெடுக்குறீங்கன்னு சண்டைக்கு வருவாங்க, நியாயம்தான், அப்படின்னா வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆபீஸை மூடிட்டு மூணரைக்கு ஆரம்பிச்சு எட்டரைக்கு சாப்பாட்டையும் முடிச்சு அனுப்பிடுங்க. இதுக்கு மட்டும் எந்த ஸ்டாஃபும் எதிர்ப்பு தெரிவிச்சு நான் பாத்ததில்ல.

இப்ப அந்த 800 பேர் கதை. சேரை மட்டும் வரிசையா போட்டா ஒரு ஆளுக்கு எட்டுலருந்து பத்து சதுர அடி போதும், தியேட்டர் சீட்டிங்னு சொல்வாங்க. ஹோட்டல் சேல்ஸ் ஆளு சொல்ற நம்பர் எப்பவும் இதுதான். ஆனுவல் டேக்கு நீங்க ரவுண்ட் டேபிள் போடுவீங்க, அதுக்கு ஆளுக்கு பன்னெண்டுலருந்து பதினஞ்சு. 400 பேருக்கு பதினஞ்சுன்னு வச்சா அங்கேயே 6,000 சதுர அடி போச்சு. நாப்பதுக்குப் பதினாறு ஸ்டேஜ் 640, அதுக்குப் பின்னாடி டான்ஸ் ஆடுறவங்க நிக்க ஆறடி, சவுண்டு லைட் கன்சோல், பஃபே ஹாலுக்குள்ளயேன்னா அதுக்கு ஒரு ஓரம் முழுக்க. எட்டாயிரத்தைத் தொட்டுடும். அதாவது அவங்க 800 பேர் ஹால்னு சொல்றது உங்க 400 பேருக்குத்தான் சரியா இருக்கும், தாராளம் கீராளம் எல்லாம் கிடையாது. அதனால எத்தனை பேர் கொள்ளும்னு கேக்காதீங்க, எத்தனை சதுர அடி, தூண் எங்க, சீலிங் எத்தனை அடின்னு கேளுங்க. சீலிங் பன்னெண்டு அடிதான்னா, மூணடி ஸ்டேஜ் மேல எட்டடி எல்இடி வால் நிறுத்தினா தலை முட்டுற மாதிரி ஆயிடும். வாலைத் தரையோட இறக்கினா கடைசி டேபிள்ல இருக்கிறவனுக்கு முன்னாடி உக்காந்தவன் மண்டைதான் தெரியும்.

இன்னொண்ணு எம்.ஜி., மினிமம் கேரண்டி. 400 பிளேட்டுக்கு கையெழுத்து போட்டுட்டு 340 பேர் வந்தா, வராத 60 பேருக்கும் சேத்துத்தான் பில். பிளேட் 1,800 ரூபான்னு வச்சுக்கங்க, 1,08,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 19,440. யாரும் தொடாத சாப்பாட்டுக்கு ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல. லிஸ்டுல இருக்கிற எண்ணிக்கையை எம்.ஜி.யா குடுக்காதீங்க, குறைச்சுக் குடுத்துட்டு அதுக்கு மேல எத்தனை பேருக்கு ஸ்பாட்ல சமாளிப்பீங்க, அதே ரேட்டான்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. ஃபைனல் நம்பர் சொல்ல எந்தத் தேதி வரைக்கும் டைம்ங்கிறதும் அதுல இருக்கணும்.

கேள்வி: அண்ணே, நாங்க மதுரையில பைப் டிஸ்ட்ரிபியூட்டர். வருசா வருசம் பிளம்பர் மீட் போடுவோம், 250 பேர் வருவாங்க. ஹோட்டல்ல போட்டா கட்டுப்படி ஆகல, கல்யாண மண்டபத்துல போடலாமா? சீப்பா இருக்கும்னு மார்கழியில வைக்கலாம்னு எங்க அப்பா சொல்றாரு. – டிஸ்ட்ரிபியூட்டர் மகன், மதுரை

பதில்: தம்பி, மண்டபம்தான் கரெக்டு, அதுல சந்தேகமே வேணாம். பிளம்பர் அண்ணன்மார் பைக்குலதான் வருவாங்க, ஸ்டார் ஹோட்டல் கேட்ல செக்யூரிட்டி பைக்கை அந்தப் பக்கம் போடுன்னு கையைக் காட்டினா அப்பவே பாதி மனசு விட்டுப் போயிடும். அவருக்குத் தெரிஞ்ச மண்டபம், பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோக்காரருக்குப் பேரைச் சொன்னாப் போதும், உள்ள வந்து உரிமையோட உக்காருவாரு. உங்க பைப்பை வாங்கச் சொல்லி வீட்டுக்காரங்ககிட்ட சிபாரிசு பண்ணப் போறவரே அவருதான, அவரை எங்க உக்கார வைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம்.

அப்பா சொல்ற மார்கழிக் கணக்கு பாதிதான் சரி. முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியா கிடக்கும், பேசினா வாடகை நல்லாவே இறங்கும், எல்லாம் உண்மை. ஆனா கார்த்திகையும் மார்கழியும் ஐயப்பனுக்கு மாலை போடுற காலம், உங்க 250 பேர்ல எத்தனை பேர் மாலையோட வருவாங்கன்னு பாத்துக்கங்க. நீங்க மட்டன் பிரியாணி போட்டா அவங்க தயிர்சாதம் எங்கன்னு தேடுவாங்க, சைவம் போட்டா மத்தவங்க அடுத்த வருசம் வரமாட்டாங்க. புரட்டாசியும் அதே தலைவலிதான், அதுவும் சனிக்கிழமைன்னா கேக்கவே வேணாம். என்னைக் கேட்டா ஆடி. ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் கல்யாணம் இல்ல, மண்டபக்காரரும் கரண்ட் பில்லு கட்டக் காசு வந்தாச் சரின்னு இருப்பாரு, பிரியாணிக்கும் தடை இல்ல. ஊர்ல கூழ் ஊத்துறது, முளைப்பாரி எந்தெந்த நாள்னு மட்டும் விசாரிச்சுக்கங்க. சித்திரைத் திருவிழா சமயத்துல மதுரைக்குள்ள எதுவும் வைக்காதீங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

மண்டபம் பேசும்போது மொதல் கேள்வி, அசைவம் சமைக்கலாமா. கோயில் மண்டபம், சில சமுதாய மண்டபம் எல்லாம் அடுப்படியில கறி ஏத்தவே விடமாட்டாங்க, அட்வான்ஸ் குடுத்தப்புறம் இது தெரிஞ்சா அந்தக் காசு அம்பேல். ரெண்டாவது, வாடகைக்கு மேல என்னென்ன வரும்னு. கரண்ட் யூனிட்டுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடினா டீசல் தனி, கிளீனிங் தனி, பாத்திரம் குறைஞ்சா தனி, வாட்ச்மேனுக்கு தனி, ஏசி ஹால்னு சொல்வாங்க ஆனா ஏசி மணிக் கணக்குக்கு தனி. எல்லாத்தையும் கூட்டி, இவ்வளவுதான் மொத்தம்னு ஒரே தொகையா பேசிட்டா உங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

மண்டபத்துல எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் சவுண்டு. மொசைக் தரை, மொட்டைச் சுவர், மேல தகரமோ கான்கிரீட்டோ, மைக்ல ஒரு வார்த்தை பேசினா அது நாலு வார்த்தையா திரும்பி வரும். கல்யாணத்துல யாரு பேசுறதைக் கேக்குறாங்க, அங்க அது பரவாயில்ல, இங்க உங்க டெக்னிக்கல் ஆளு சிபிவிசி பைப்பு ஒட்டுற சொல்யூஷன் பத்தி விளக்கும்போது ஒண்ணும் புரியாது. ரெண்டே ரெண்டு பெரிய ஸ்பீக்கரை முன்னாடி வச்சு அலற விடாம, சின்ன ஸ்பீக்கரா நாலு பக்கம் வைக்கச் சொல்லுங்க, தரையில ஒரு கார்ப்பெட் விரிச்சு, பக்கச் சுவர்ல ஷாமியானா துணி தொங்கவிட்டாலே பாதி எதிரொலி அடங்கிடும். மணவறை செட்டு நிரந்தரமா நிக்கிற மேடைன்னா அதை மறைக்க பேக்டிராப்புக்கும் அளவு எடுத்துக்கங்க.

அப்புறம் தண்ணி விவகாரம், நீங்க கேக்கல, ஆனா உங்க டீலர் யாராவது கேப்பாரு. மண்டபத்துல கிடையவே கிடையாது. 2023 ஏப்ரல்ல கல்யாண மண்டபத்துலயும் ஸ்பெஷல் லைசென்ஸ் வாங்கி மது பரிமாறலாம்னு அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பின உடனே மண்டபத்தை மட்டும் அதுல இருந்து எடுத்துட்டாங்க. பின்பக்கம் கார் டிக்கியைத் திறந்து வச்சு நடக்கிற கூத்து எல்லாம் உங்க கம்பெனி பேனர் தொங்குற இடத்துல வேணாம்.

மாடி மண்டபம்னா படியைப் பாருங்க. 2004 ஜனவரியில ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்து மாடியில கீத்துப் பந்தல்ல தீப்பிடிச்சு மாப்பிள்ளையோட சேத்து அம்பது பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கப்புறம் சட்டம் எல்லாம் இறுக்கினாங்க, ஆனா இன்னைக்கும் ரெண்டாவது படிக்கட்டுல உடைஞ்ச சேரை அடுக்கி வச்சிருக்கிற மண்டபம் நிறைய இருக்கு. அந்தச் சேரை எடுக்கச் சொல்லுங்க, உங்க ஃபங்ஷன் அன்னிக்கு அந்தக் கதவு பூட்டு இல்லாம இருக்கணும்னு மேனேஜர்கிட்ட சொல்லி, அன்னிக்குக் காலையில ஒரு ஆளை அனுப்பி தள்ளிப் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: நவம்பர் கடைசியில ஈசிஆர்ல ஒரு பீச் ரிசார்ட் லான்ல எங்க டீலர் நைட் பிளான் பண்ணிருக்கோம். கடற்கரை வியூ சூப்பர். டீஜே நைட் பன்னெண்டு வரைக்கும். உங்க கருத்து? – மார்க்கெட்டிங் ஆள், கோடம்பாக்கம்

பதில்: வியூ சூப்பர்தான். நவம்பர் கடைசியில அந்த வியூவுல புயல் சின்னம் தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், வர்தா டிசம்பர் 2016, மிக்ஜாம் டிசம்பர் 2023, ரெண்டும் நீங்க கேக்குற தேதிக்கு ரெண்டு வாரத்துக்குள்ளதான். மழை வந்தா உள்ள ஹால் இருக்குன்னு ரிசார்ட்காரங்க சொல்வாங்க, அந்த ஹாலையும் உங்க பேர்ல பிளாக் பண்ணி எழுதிக் குடுத்தாத்தான் அது உங்க ஹால், இல்லன்னா அன்னிக்கு அங்க வேற யாராவது ரிசப்ஷன் வச்சிருப்பாங்க. புயல்னு வானிலை மையம் எச்சரிக்கை விட்டா தேதி மாத்தித் தருவீங்களா, அட்வான்ஸ் நிக்குமான்னும் கேளுங்க.

டீஜே பன்னெண்டு மணி வரைக்கும் லான்ல நடக்காது. ராத்திரி பத்துலருந்து காலையில ஆறு வரைக்கும் திறந்தவெளியில ஸ்பீக்கர் போடக்கூடாதுங்கிறது 2000-ல வந்த ஒலி மாசு விதி, மூடின ஆடிட்டோரியம், பேங்க்வெட் ஹாலுக்குத்தான் விலக்கு. அதனால லான்ல டின்னர், பத்து மணிக்கு உள்ள போய் டான்ஸ்னு வைங்க, இல்ல ஜனவரி கடைசிக்கோ பிப்ரவரிக்கோ தள்ளுங்க. பாட்டு போடுறதுக்கு மியூசிக் லைசென்ஸ் காப்பியும் ரிசார்ட்ல கேப்பாங்க, கல்யாணத்துக்கு என் மச்சான் எதுவும் வாங்கலயேன்னு சொல்லாதீங்க, கல்யாணத்துக்கு சட்டத்துலயே விலக்கு இருக்கு, கம்பெனி ஃபங்ஷனுக்கு இல்ல.

கேள்வி: ரெண்டு நாள் ஆஃப்சைட்டுக்கு பாண்டிச்சேரியா மகாபலிபுரமான்னு குழப்பம். ரெண்டு ரிசார்ட்டும் ஒரே ரேட்டுதான் சொல்றாங்க. 60 பேர். டீம் முழுக்க பாண்டிக்குத்தான் ஓட்டு போடுது. – அக்கவுண்ட்ஸ் மேனேஜர், அம்பத்தூர்

பதில்: டீம் ஏன் பாண்டிக்கு ஓட்டு போடுதுன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனா நீங்க அக்கவுண்ட்ஸ்ங்கிறதால ஒரு விஷயம். ரூம், ஹால் இதுக்கெல்லாம் ஜிஎஸ்டியில இடம் எங்க இருக்கோ அந்த மாநிலத்து வரிதான் போடுவாங்க. பாண்டிச்சேரி ரிசார்ட் பில்லுல பாண்டிச்சேரி வரிதான் விழும். உங்க கம்பெனிக்கு அங்க ஜிஎஸ்டி பதிவு இல்லன்னா, அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவுல கிரெடிட்டா, அதாவது நீங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சு, திரும்ப எடுக்க முடியாது. மகாபலிபுரத்து ஹால் வாடகைக்குக் கட்டுன 18 சதவீதம் திரும்ப எடுக்க வழி இருக்கு, பாண்டியில கட்டினது செலவுக் கணக்குலதான் போகும். ஆக ஒரே ரேட்டுன்னு அவங்க சொன்னாலும் உங்களுக்கு ஒரே ரேட்டு இல்ல. சாப்பாட்டு பில்லு கிரெடிட் கதை தனி, அதை உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கங்க, பில்லுல சாப்பாடு, ரூம், ஹால் எல்லாத்தையும் தனித்தனியா காட்டச் சொல்லுங்க.

வரியைத் தள்ளி வச்சாலும் என் ஓட்டு மகாபலிபுரத்துக்குத்தான். அம்பத்தூர்ல இருந்து பாண்டிக்கு பஸ்ல போக நாலு மணி நேரத்துக்கு மேல ஆயிடும், போக வரன்னு ரெண்டு நாள்ல ஒரு முழு வேலைநாள் பஸ்லயே போயிடும். மகாபலிபுரத்துல 2022-ல செஸ் ஒலிம்பியாடே நடத்தினாங்க, 60 பேரைத் தாங்குறதுக்கு அங்க ஹாலுக்குப் பஞ்சமே இல்ல. டீம் கோவிச்சுக்கிட்டா அடுத்த வருசம் ஆபீஸ் மீட்டிங் எதுவும் இல்லாம சும்மா பாண்டி டிரிப் போடுங்க, அதுக்கு ஹாலே தேவையில்ல.

கேள்வி: ஏனுங்க, நாங்க திருப்பூர்ல கார்மென்ட்ஸ் எக்ஸ்போர்ட் பண்றமுங்க. ஃபாரின் பையர்ஸ் பத்து பன்னெண்டு பேர் வர்றாங்க, கோயமுத்தூர்ல பெரிய ஹோட்டல்ல மீட்டிங் வைக்கோணும்னு பார்ட்னர் சொல்றார். இங்கயே வச்சா கௌரவக் குறைச்சலுங்களா? – எக்ஸ்போர்ட்டர், திருப்பூர்

பதில்: பையர் வர்றது உங்க தையல் லைனையும் சாயப்பட்டறை சுத்திகரிப்பையும் பாக்கத்தானுங்க, ஹோட்டல் சாண்டிலியர் அவரு ஊர்லயே இருக்கு. தங்குறது கோயமுத்தூர்ல இருக்கட்டும், ஏர்போர்ட் பீளமேடு, அவினாசி ரோட்டுலயே நல்ல ஹோட்டலெல்லாம் இருக்கு. பகல்ல திருப்பூர் கூட்டிட்டு வந்து யூனிட்டைச் சுத்திக் காட்டி, உங்க சாம்பிள் ரூம்லயே மீட்டிங்கை முடிங்க. பத்து பன்னெண்டு பேருக்கு பெரிய ஹால் எடுத்தா பேசுறது எல்லாம் பேச்சுப்போட்டி மாதிரி ஆயிடும். துணியைக் கையில தொட்டுப் பாத்து, ஜிஎஸ்எம், அதான் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கிற துணி எடை, குறைச்சல்னு அவரு சொல்லி, இல்லீங்கன்னு நீங்க தராசுல போட்டுக் காட்டி, அந்த மாதிரி பேச்சு நடக்குற இடம் சாம்பிள் ரூம்தான். ராத்திரி டின்னரை மட்டும் கோயமுத்தூர்ல வைங்க. யாருக்கு என்ன அலர்ஜி, யாரு மாட்டுக்கறி, பன்னிக்கறி சாப்பிட மாட்டாங்கன்னு முன்கூட்டியே மெயில்ல கேட்டுக்கங்க.

கேள்வி: டிசம்பர் 20-ஐ ஒட்டி 300 பேருக்கு ஒரு டெக்னிக்கல் செமினார். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் ஏதாவது சபா ஹால் கிடைக்குமா? – இன்ஜினியர், அடையாறு

பதில்: டிசம்பர் 20-ல சபாவா! அந்தத் தேதிக்கு காலையில ஒன்பது மணியில இருந்து ராத்திரி வரைக்கும் கச்சேரி ஓடும், கேன்டீன்ல கூட உக்கார இடம் கிடைக்காது. தரமணி ஐஐடி ரிசர்ச் பார்க் பக்கம் கேட்டுப் பாருங்க, செமினாருக்குன்னே உள்ள இடம், உங்க கூட்டமும் அங்கதான் பாதி வேலை செய்யும். கோட்டூர்புரம் அண்ணா நூலக ஆடிட்டோரியம் உங்க 300 பேருக்கு ரொம்பப் பெருசு, முன்னாடி நாலு வரிசையில உக்காந்துட்டு மீதி இருட்டாக் கிடக்கும். பிப்ரவரிக்குத் தள்ள முடிஞ்சா சபாவே எடுங்க, ஒலியமைப்புல அதுக்கு ஈடு கிடையாது.

கேள்வி: வேலைக்குச் சேந்து ஆறு மாசம்தான் ஆகுது, என்னைத் தனியா ஹால் பாத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. அங்க போய் என்ன பாக்கணும்னே தெரியல. – அட்மின், வேளச்சேரி

பதில்: பயப்படாதீங்க, உங்க ஃபங்ஷன் எத்தனை மணிக்கோ அதே மணிக்குப் போங்க, அதே கிழமையில போனா இன்னும் நல்லது. காலையில பதினோரு மணிக்கு அமைதியா இருக்கிற தெரு சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துல எப்படி இருக்கும்னு அப்பத்தான் தெரியும். உள்ள போன உடனே போனை எடுத்து சிக்னல் பாருங்க. பேஸ்மென்ட் ஹால்ல டவரே வராது, வாசல்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணி ரிஜிஸ்டர் பண்ணுங்கன்னு சொல்லிட்டு ஓடிபி வராம முன்னூறு பேர் க்யூவுல நிப்பாங்க. வைஃபை இருக்குங்கிறது பதில் இல்ல, எத்தனை பேர் ஒரே நேரத்துல அதுல நிக்கலாம்னு கேளுங்க.

நடுவுல மடக்குக் கதவு போட்டுப் பிரிச்ச ஹாலா இருந்தா, அந்தப் பக்கம் அன்னிக்கு என்ன ஃபங்ஷன்னு கட்டாயம் கேளுங்க. அந்தக் கதவு என்னதான் சவுண்டு புரூஃப்னு சொன்னாலும் நாதஸ்வரம் தவிலுக்கு முன்னாடி ஒண்ணும் நிக்காது, உங்க சிஇஓ காலாண்டு ரிசல்ட் சொல்ற நேரத்துல அங்க கெட்டிமேளம் கொட்டும். லேடீஸ் டாய்லெட் எத்தனைன்னு எண்ணுங்க, இன்டர்வெல்ல பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கும். ஏசி எப்ப போடுவீங்கன்னு கேளுங்க, ஃபங்ஷனுக்கு அரை மணி நேரம் முன்னாடின்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பெரிய ஹால் குளிர ரெண்டு மணி நேரமாவது ஆகும், செட்டப் பண்ற பசங்களுக்கும் வேணும். செட்டப்புக்கு முந்தின நாள் ராத்திரியே ஹாலைத் தருவாங்களா, அதுக்கு தனி வாடகையா, எல்இடி பேனல் ஏத்த சர்வீஸ் லிஃப்ட் இருக்கா, லாரி எங்க நிக்கும்னும் கேட்டுக்கங்க. வீல்சேர்ல யாராவது வந்தா ஸ்டேஜ் மேல எப்படி ஏறுவாங்கன்னு கேளுங்க, நாலு பேர் தூக்கிடுவோம்னு சொன்னா அது ராம்ப் கிடையாது, தற்காலிக ராம்ப் போட இடம் இருக்கான்னு அளந்துக்கங்க.

போட்டோ எடுக்கிறப்ப அலங்காரத்தை எடுக்காதீங்க, கடைசி வரிசை ஓரச் சேர்ல உக்காந்து அங்கிருந்து ஸ்டேஜை எடுங்க, தூண் மறைக்குதான்னு உங்க மேனேஜருக்கு அந்த ஒரு படம் போதும். சேல்ஸ் ஆளு வாயால சொன்ன எல்லாத்தையும் அன்னிக்கே ஒரு மெயில் போட்டு "நீங்க சொன்னது இதுதான, சரியா"ன்னு கேளுங்க, அவரு ஆமான்னு ரிப்ளை பண்ற வரைக்கும் அட்வான்ஸ் கட்ட விடாதீங்க.